சாட்சியும் வசூலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் கிறிஸ்தவன் நான் மட்டும்தான். ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் பிரிவில் வேலை. தினமும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வசனம் வைக்கிறேன். ஆபீஸில் என்னை ‘அல்லேலூயா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தீபாவளிக்கு அம்மா சுட்ட அதிரசம் சாமிக்குப் படைத்தது என்பதால் நான் தொடவில்லை. அம்மா அழுதார்கள். தன் விசுவாசத்துக்காகத் தேவசகாயம் பிள்ளை உயிரையே கொடுத்தார். நான் ஆபீஸில் இன்னும் தைரியமாகச் சாட்சியாய் நிற்பது எப்படி?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பி,

அதிரசத்தை முதலில் முடித்துவிடுவோம். படைத்த உணவைப் பற்றி பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8ஆம் அதிகாரத்தில் ஆரம்பித்து 10 வரை பேசுகிறார். ஸ்டேட்டஸுக்கு ஒரு வரியைப் பிய்த்து எடுக்காமல் மூன்றையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். அப்புறம் சாப்பிடுவதும் சாப்பிடாததும் உங்கள் மனசாட்சி. ஆனால் அம்மா அழுததை உங்கள் விசுவாசக் கணக்கில் வரவு வைக்காதீர்கள். சுடும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, “படைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு குடும்மா” என்று கேட்டிருக்கலாம். தந்திருக்க மாட்டார்கள், எனக்கும் தெரியும். கேட்டாவது பார்த்திருக்கலாம்.

கிண்டலை விடுங்கள். பட்டப்பெயர் இல்லாத ஆபீஸ் எங்கே இருக்கிறது?

தேவசகாயம் பிள்ளையை இழுத்திருக்கிறீர்கள். 2022இல் புனிதர் பட்டம் கொடுத்த பிறகு எல்லோரும் அவருடைய கடைசி நாளையே பேசுகிறார்கள்: 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, துப்பாக்கி. அவருக்கு இந்த விசுவாசம் எப்படி வந்தது என்பதை யாரும் பேசக் காணோம். நீலகண்ட பிள்ளையாகத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் உத்தியோகத்தில் இருந்தபோது, வீட்டில் கஷ்டத்துக்கு மேல் கஷ்டம் வந்து மனம் உடைந்து போயிருந்தார் என்று சொல்வார்கள். எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கையை விடாத யோபுவின் கதையை அவரிடம் சொன்னவர் டிலனாய், 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி. இரண்டு பேருக்கும் ஒரே முதலாளி. கூட வேலை செய்கிறவன் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, என்னவென்று கேட்டு, அதற்கேற்ற கதையைச் சொல்லியிருக்கிறார். அந்தப் போர் முடிந்து நான்கு வருடத்தில், 1745இல், பிள்ளைக்கு வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். (அதே ஊர்ச் சர்ச்சில் பிற்காலத்தில் சாதி பார்த்துப் பிரித்து உட்கார வைத்தார்கள். 1910இல் தடுப்பை இடித்தபோது, ‘எங்கள் உரிமை போச்சு’ என்று உயர் நீதிமன்றம் வரை போனவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். தைரியத்துக்கு நம்மிடம் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.)

சரி, உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது வேறு ஒரு வரி. ‘வசூல் பிரிவில் வேலை.’ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை சாட்சி என்பது ஸ்டேட்டஸில் இருக்கிறது, அதிரசத்தில் இருக்கிறது. காலை முதல் மாலை வரை போனில் நீங்கள் பேசுகிற பேச்சில் இல்லையா?

சின்ன வயதில் எங்கள் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் நடுவயதில் மனந்திரும்பினார். அவர் மனைவி கடைசி வரை அம்மன் கோயிலுக்குத்தான் போனார். அதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கலாம், சண்டை இருந்ததில்லை. இரும்புப் படிக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றி மேலே அரசு முத்திரை குத்தியிருக்கும். அந்த ஈயத்தைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துவிட்டால் கிலோவுக்கு இத்தனை கிராம் என்று லாபம். அவர் கடையின் கல்லைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறேன், குழிக்குள் என் சுண்டுவிரல் நுனி இறங்கும். மனந்திரும்பிய கொஞ்ச நாளில் பழைய கற்களை மாற்றி, முத்திரை வைத்த புதுக் கற்கள் வாங்கினார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சரியான எடை போட்டால் பழைய விலைக்குக் கட்டுப்படியாகுமா? பருப்பு விலை கொஞ்சம் ஏறியது. உடனே தெருவே எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அங்கே விலையும் குறைவு, எடையும் குறைவு. என் அம்மா மட்டும் வீட்டுப் படியால் அளந்து பார்த்துவிட்டு இவரிடமே திரும்பி வந்தார். அம்மாவுக்கு அவர் மதமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. “பருப்பு சரியா இருக்குடா” என்பார், அவ்வளவுதான். மற்றவர்கள் திரும்பவேயில்லை. கடைசியில் பாதிக் கடையைத் தையல்காரருக்கு வாடகைக்கு விட்டார்.

நற்செய்திக் கூட்டங்களில் மைக் பிடித்து, ‘நான் குடிகாரனாய் இருந்தேன், இன்று இப்படி மாறினேன்’ என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அந்த மைக்கை ஏன் அவர் மனைவியிடம் ஒருமுறைகூடக் கொடுப்பதில்லை? கடன் கொடுத்து ஏமாந்தவரிடம்? இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரர் சகேயு தன் வாழ்க்கை மாறியதைப் பற்றிப் பேசவே இல்லை. பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப என்று கணக்கைத்தான் சொன்னார். இரட்சிப்பு இந்த வீட்டுக்கு வந்தது என்று இயேசு சொல்வது அதற்குப் பிறகுதான்.

உங்கள் விஷயத்தில் மைக் தவணை கட்ட முடியாதவர் கையில் இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது, அவருடைய குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. இது வேதவசனம் இல்லை, வெறும் விதி. இதையாவது உங்கள் பிரிவில் மதிக்கிறார்களா? நீங்கள் மதிக்கிறீர்களா? இலக்கு எட்டவில்லை என்று மேலாளர் கத்தும்போது, கட்ட முடியாதவரின் மாமனாருக்குப் போன் போடச் சொன்னால் என்ன செய்கிறீர்கள்? ‘மாட்டேன்’ என்றால் வேலை போகலாம். உங்கள் சம்பளத்தை நம்பி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் வேலையை விடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாக உட்கார முடியாது.

அடுத்த கடிதத்தில் வசனம் வேண்டாம். போனை எடுத்ததும் முதல் வாக்கியமாக என்ன சொல்வீர்கள், எதிர்முனையில் ஒருவர் அழ ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள், அதை எழுதுங்கள்.

அன்புடன்.