அண்ணன் வகுப்பில் தம்பி எதற்கு?

கேள்வி: என் இளைய மகன் எட்டாம் வகுப்பு. எல்லாப் பாடத்திலும் 98க்குக் குறைந்ததில்லை. அவன் பள்ளியில் ஒன்பதையும் பத்தையும் ஒரே ஆண்டில் முடிக்கும் துரிதப் பிரிவு இருக்கிறது. நுழைவுத்தேர்வு உண்டு, சேர்ந்த பிறகும் ஒவ்வொரு பருவத்திலும் 85 சதவீதம் எடுத்தாக வேண்டும். நான்கு மாதமாக டியூஷன் அனுப்புகிறேன். மூத்தவன் ஒன்பதாவது, சுமாராகத்தான் படிப்பான். அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து பத்தாவது எழுதினால் தம்பியைப் பார்த்து அவனும் படிப்பான். நுழைவுத்தேர்வுக்கு இன்னும் எப்படித் தயார் செய்வது?

பதில்: அம்மா, போகிற போக்கில் மூத்தவனைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் முக்கியமானது அதுதான். தம்பி தன் வகுப்புக்கே வந்துவிட்டால் அண்ணன் அவனைப் பார்த்துப் படிக்க மாட்டான்; புத்தகத்தை மூடி வைத்துவிடுவான். ஒரே தேர்வு, முடிவும் ஒரே நாளில், வீட்டில் இரண்டு மதிப்பெண் பட்டியல். வருகிறவர் போகிறவரெல்லாம் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பேசுவார்கள். இளையவனை ஏற்றிவிட மூத்தவன் முதுகைப் படியாக்குவது பெற்றவர் செய்கிற காரியமா?

வகுப்பு தாண்டலாமா என்று முடிவெடுக்க அமெரிக்காவில் உருவான அயோவா ஆக்சிலரேஷன் ஸ்கேல் என்ற அளவுகோல் இருக்கிறது. திறன், மதிப்பெண், வயது, உடல் வளர்ச்சி, மனப்பான்மை என்று பலவற்றுக்கும் அதில் புள்ளி உண்டு. ஆனால் சில விஷயங்களில் புள்ளிக் கணக்கே கிடையாது, நேராக 'வேண்டாம்'தான். நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) 115க்குக் கீழே இருப்பது ஒன்று. பிள்ளைக்கே விருப்பமில்லாதது இன்னொன்று. போய்ச் சேரும் வகுப்பில் உடன்பிறந்தவர் இருப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் வீட்டு நிலைமை அதுதான். இளையவனின் விருப்பம் பற்றியோ கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவனைக் கேட்டீர்களா?

அடுத்தது அந்த 98. எட்டாம் வகுப்புத் தாள் அவனுக்குப் போதவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. எவ்வளவு தூரம் போவான் என்று அறிய மேல்வகுப்புத் தாளைத்தான் கொடுக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி கணிதத் தாளை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது இதற்காகத்தான். டியூஷனில் நடத்தாத ஒன்பதாம் வகுப்புக் கணக்குகளைக் கொடுங்கள். மதிப்பெண் போடாமல் விடைத்தாளைப் படியுங்கள். இரண்டு சமன்பாடுகளை எழுதிக் கொடுத்தால் கடகடவென்று தீர்த்திருப்பான். அதையே இரண்டு பொருள்களின் விலைக் கணக்காகக் கேட்டால் எதை மாறியாக வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தால், அது டியூஷன் ஊட்டிய தேர்ச்சி. நான்கு மாதம் பழக்கிவிட்டு நுழைவுத்தேர்வு எழுத வைத்தால் பழக்கம் தேறும், பையனின் திறமை தெரியாமலே போகும். டியூஷனை நிறுத்துங்கள்.

85 சதவீதத்தைச் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். இரண்டு ஆண்டுப் பாடம் ஓர் ஆண்டில் என்றால், மூன்று நாள் காய்ச்சலில் படுத்தாலும் ஆறு நாள் பாடம் போய்விடும். விட்டதைத் திரும்ப நடத்த அங்கே நேரம் இருக்காது. முதல் பருவத்தில் 80 எடுத்தால் மறுவாய்ப்பு உண்டா, சராசரியா அல்லது ஒவ்வொரு பாடத்திலுமா, ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்பினால் எந்த மாதத்தில்? இவற்றை எழுத்தில் வாங்காமல் யாருமே இத்தகைய பிரிவில் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது.

உங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குள் இடைவெளி ஒரே வகுப்பு. பள்ளிப் பருவத்தில் எப்போது தாண்டினாலும் இளையவன் அண்ணன் வகுப்பில்தான் போய் நிற்பான். ஆகவே அவன் ஒன்பதாவதை ஒழுங்காகப் படிக்கட்டும். பசி அதிகமென்றால் நிரூபணங்கள், ஒரே கணக்கை இரண்டு வழியில் போடுவது, ஒலிம்பியாட் வகைக் கணக்குகள் என்று ஆழமாகக் கொடுங்கள். கணிதத்துக்கு மட்டும் மேல்வகுப்பில் உட்காரலாம் என்று பள்ளி சொன்னாலும் அண்ணன் இருக்கும் பிரிவில் வேண்டாம்.

மூத்தவனைப் பற்றி நீங்கள் எழுதியது 'சுமார்' என்ற ஒரு சொல். எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் தடுக்குகிறது என்று தெரியுமா? டியூஷனுக்கு அலைந்த அந்த மாலை நேரத்தை இனி அவனுக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டு பத்தாவது எழுத வேண்டியவன் அவன்தான்.