பழைய ஆஸ்திரேலிய குடும்ப நகைச்சுவைத் தொடர்களில் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்க்கலாம்?

'மதர் அண்ட் சன்' பாருங்கள். 1984-லிருந்து 1994 வரை ஏபிசி தொலைக்காட்சியில் ஆறு சீசன், மொத்தம் 42 எபிசோட் வந்தது. எழுதியவர் ஜெஃப்ரி ஆதர்டன்.

கதை சின்னதுதான். கணவரை இழந்த மேகிக்கு ஞாபக மறதி முற்றிக்கொண்டே வருகிறது. விவாகரத்தான மகன் ஆர்தர் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து அவரைப் பார்த்துக்கொள்கிறான். இன்னொரு மகன் ராபர்ட் பல் டாக்டர், வசதியானவன், எப்போதாவது வந்து தலைகாட்டுவான். ஆனால் அம்மாவுக்கு உயிர் அவன்தான். கூடவே கிடந்து எல்லாம் செய்கிறவனுக்குத் திட்டுதான் மிச்சம். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நம் ஊரில் சொல்வதை அங்கே அப்படியே பார்க்கலாம்.

நான் சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு பாட்டிக்குக் காலை மாத்திரையை நானே கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மகள் வந்ததும், "காலையிலிருந்து யாரும் என்னை எட்டிப் பார்க்கவில்லை" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டி என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். மறந்துவிட்டாரா, மகள் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று சொன்னாரா? எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தத் தொடரின் உயிரே அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. மேகி எதை நிஜமாக மறக்கிறார், எதை வேண்டுமென்றே மறக்கிறார் என்று கடைசிவரை பிடிபடாது. ஆர்தர் தனக்கென்று ஒரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது ஆகிவிடும். அதில் தந்திரமும் உண்டு, தனியாக விட்டுவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. இரண்டையும் ஒரே பார்வையில் காட்டுவார் மேகியாக நடிக்கும் ரூத் கிராக்னெல். தொடர் ஆரம்பித்தபோது அவருக்கு வயது 58தான் என்றால் நம்ப முடிகிறதா!

ஆர்தராக வரும் கேரி மெக்டொனால்ட், அதற்கு முன் நார்மன் கன்ஸ்டன் என்ற கோமாளிப் பேட்டியாளர் வேஷத்தில் நாடு முழுக்கப் பெயர் வாங்கியவர். இங்கே அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். அம்மா அதே கேள்வியை மறுபடி கேட்கும்போது அந்த முகத்தைக் கவனியுங்கள். வாய் திறக்கும், சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்ளும், பிறகு முதலிலிருந்து பதில் சொல்லும். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது என் முகமும் அப்படித்தான் இருக்கும்.

2023-ல் மேட் ஓகின், டெனிஸ் ஸ்காட் நடிப்பில் இதையே புதிதாக எடுத்தார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பழையதைப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிரிக்கிற இடமும் அவர்கள் சிரிக்கிற இடமும் ஒன்றாக இருக்காது.