கெர்ட் முல்லரின் கோல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்களுக்கு மிகவும் பிடித்த ஸ்ட்ரைக்கர் கெர்ட் முல்லர் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். அவருடைய கோல்களைத் தேடிப் பார்த்தேன். முக்கால்வாசி, கோலுக்குப் பக்கத்தில் நின்று தட்டிவிட்டவைதான். நாலு பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவதெல்லாம் அபூர்வம். சரியான இடத்தில் நின்றது அதிர்ஷ்டம்தானே? இதில் என்ன கலை?

செ.

அன்புள்ள செ.,

அதிர்ஷ்டம் பத்து முறை வரலாம். ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டெஸ்லிகாவில் 427 ஆட்டங்களில் 365 முறை வருமா? மேற்கு ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68 முறை?

நீங்கள் பார்த்தவற்றில் 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கோலும் இருந்திருக்கும். அதை இன்னொரு முறை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். மியூனிக் ஒலிம்பிக் மைதானம். நெதர்லாந்துடன் 1-1. 43-ஆவது நிமிடம். வலது பக்கமிருந்து சக வீரர் போன்ஹாஃப் பந்தை உள்ளே அனுப்புகிறார். முல்லர் கோலை நோக்கி ஓடி வருகிறார், பந்தோ அவருக்குக் கொஞ்சம் பின்னால் வருகிறது. காலில் பட்டு இன்னும் பின்னால் உருள்கிறது. வாய்ப்பு போய்விட்டது என்றுதான் பார்க்கிற எவருக்கும் தோன்றும். அவர் பந்தோடு சேர்ந்து பின்வாங்கி, சட்டென்று திரும்பித் தரையோடு அடிக்கிறார். கோல்கீப்பர் யோங்ப்ளூட் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அப்படியொன்றும் பலமான அடி இல்லை. ஆனால் அந்த நொடியில் அங்கிருந்து அடி வரும் என்று மைதானத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் உலகக் கோப்பையை வென்ற கோல். 28 வயதில், அந்த ஆட்டத்தோடு நாட்டு அணியிலிருந்து விலகிக்கொண்டார்.

அந்தத் திரும்பல் அவர் உடம்பிலேயே இருந்தது. குட்டையான கால், பருத்த தொடை. 1964-இல் நோர்ட்லிங்கன் என்ற சிற்றூரிலிருந்து பயர்ன் மியூனிக் கிளப்புக்கு வந்தபோது பயிற்சியாளர் சைக்கோவ்ஸ்கி அவருக்கு வைத்த பெயர் 'குட்டிக் குண்டு முல்லர்'. பயர்ன் அப்போது இரண்டாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த அணி. பத்தே ஆண்டில் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்றது, அதுவும் தொடர்ந்து மூன்று முறை. அணித்தலைவர் பெக்கன்பவரே அதற்கு முல்லரின் கோல்களைத்தான் காரணமாகச் சொல்லிவந்தார்.

கோலடிப்பது நின்ற பிறகு அவர் பட்ட பாடு எனக்கு இன்னும் வலிக்கிறது. 1979-இல் பயர்னை விட்டு அமெரிக்காவுக்குப் போனார், அப்புறம் குடி. 1991-இல் பழைய தோழர்கள்தான் சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். மீண்டு வந்தவருக்கு பயர்ன் பயிற்சியாளர் வேலை கொடுத்தது. பின்னால் அல்சைமர் நோய் வந்து நினைவையும் எடுத்துக்கொண்டது.

புண்டெஸ்லிகாவின் 1971-72 பருவத்தில் அவர் அடித்த 40 கோல்களை 49 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2021 மே மாதம், அப்போது பயர்னின் ஸ்ட்ரைக்கராக இருந்த லெவன்டோவ்ஸ்கி 40-ஐத் தொட்டபோது சட்டையைத் தூக்கி, உள்ளே முல்லரின் முகம் அச்சிட்ட பனியனைக் காட்டினார். முல்லர் அந்த ஆகஸ்ட்டில், 75 வயதில் இறந்தார்.

லெவன்டோவ்ஸ்கியின் 41-ஆவது கோல் அடுத்த வாரம், பருவத்தின் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் வந்தது. சக வீரர் சானே அடித்த பந்தைக் கோல்கீப்பர் தடுத்தார், பந்து கையில் நிற்கவில்லை. லெவன்டோவ்ஸ்கி அதற்குள் அங்கே இருந்தார். அந்தக் கோலையும் தேடிப் பாருங்கள்.