சபுருக்கு முன் காகிதம்: வாசகர் கேள்வி – பதில்

சபுர், அதாவது வெளிநாட்டுப் பயணம், போகுமுன் எடுக்க வேண்டிய தாள்கள் பற்றி, ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கீழக்கரை வாசகி: நிக்காஹ் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. கணவர் அடுத்த வாரம் துபாய் திரும்புகிறார். பிறகு குடும்ப விசா எடுத்து என்னை அழைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஜமாஅத்தில் வாங்கிய தப்தர் (நிக்காஹ் பதிவேடு) நகல் கையில் இருக்கிறது. அது போதுமா?

போதாது. தப்தர் நகல் நிக்காஹ் நடந்ததற்குச் சாட்சி. துபாயில் கேட்பது அரசுத் திருமணச் சான்றிதழ். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி எந்த மதத் திருமணத்தையும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. உங்கள் சிக்கல் நாள் கணக்கில் இல்லை, கணவரின் டிக்கெட்டில்தான் இருக்கிறது. அவர் விமானம் ஏறிவிட்டால் அடுத்த லீவு வரை காத்திருக்க நேரும். இந்த வாரமே இருவரும் இரண்டு சாட்சிகளோடு போய் வாருங்கள். தப்தர் நகல், கல்யாணப் பத்திரிகை, இருவரின் பாஸ்போர்ட், ஆதார், வயதுச் சான்று, போட்டோ எல்லாம் கையில் இருக்கட்டும்.

மனுவில் பெயரை எழுதும்போது ஆதாரைப் பார்த்து எழுதாதீர்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். முகமது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒற்றை எம் போட்டும் எழுதுகிறார்கள், இரட்டை எம் போட்டும் எழுதுகிறார்கள். கடைசி உயிரெழுத்து சிலருக்கு இ, சிலருக்கு ஏ. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். துபாய் கவுன்டரில் கண்டுகொள்வார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயர், பிறந்த தேதி, நிக்காஹ் தேதி மூன்றையும் சரிபாருங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திருத்தத்துக்குத் தனி மனு, தனி நடை.

அடுத்தது அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அலுவலகங்கள் வரிசையாக முத்திரை வைப்பது. முதலில் சென்னைத் தலைமைச் செயலகம். கல்விச் சான்றிதழைப் பார்ப்பது ஒரு துறை, பிறப்பு, திருமணச் சான்றிதழைப் பார்ப்பது வேறொரு துறை. இரண்டையும் ஒரே உறையில் போட்டால் ஒன்று திரும்பி வரும். மாநில முத்திரை விழுந்த பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம். 2012 முதல் அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாகத் தாள் வாங்குவதில்லை. அங்கீகாரம் பெற்ற சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 2019 முதல் சென்னையிலேயே முடித்துக்கொள்ளலாம், டெல்லிக்கு அனுப்புகிறேன் என்று பணம் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள். மூன்றாவது, இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரக முத்திரை. நான்காவது, தாள் அங்கே போனபின் அமீரக வெளியுறவு அமைச்சக முத்திரை. ஒரு தாளுக்கு 150 திர்ஹம். ஒவ்வொருவரும் சரிபார்ப்பது தனக்கு முந்தைய முத்திரையைத்தான், நிக்காஹை அல்ல. ஆகவே வரிசை மாறினால் எவ்வளவு உண்மையான தாளும் செல்லாது. நோட்டரி கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் இந்த வரிசையில் எந்தப் படிக்கும் ஈடாகாது. பலர் ஏமாறும் இடம் இது.

அரபு மொழிபெயர்ப்பை இங்கே செய்து காசை வீணாக்க வேண்டாம். அங்கே உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததுதான் செல்லும்.

இனி கணவர் பக்கம். சம்பளம் மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி தங்குமிடமும் இருக்க வேண்டும். அவர் பெயரில் பதிவான வாடகை ஒப்பந்தம் வேண்டும். துபாயில் அதற்கு இஜாரி என்று பெயர். பெட் ஸ்பேஸில் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) இருப்பவர்களுக்கு விசா தடுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். சம்பளம் இருக்கும், சான்றிதழ் இருக்கும், வீடு வேறொருவர் பெயரில் இருக்கும். நுழைவு அனுமதியில் நீங்கள் போய் இறங்கினால் 60 நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் ஐடி என்ற அமீரக அடையாள அட்டைக்குக் கைரேகை, இன்சூரன்ஸ் எல்லாம் முடிய வேண்டும். 2022 முதல் பாஸ்போர்ட்டில் விசா குத்துவது இல்லை. எமிரேட்ஸ் ஐடி கார்டுதான் வசிப்புச் சான்று, ஆகவே பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து ஸ்டாம்பிங் இல்லையே என்று பதற வேண்டாம். ஒரேயடியாக ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் அந்த வசிப்பு விசா செத்துவிடும். பிரசவத்துக்கு வருகிறவர்கள் இதைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

தொண்டி வாசகர்: என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். சர்நேம் காலி. துபாய்க்கு விசிட் விசாவில் போக டிக்கெட் எடுக்கப் போனால் ட்ராவல்ஸில் தயங்குகிறார்கள்.

தயங்குவதில் நியாயம் இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவை அமீரகம் ஏற்பதில்லை. பின்பக்கத்தில் தகப்பனார் பெயர் அச்சாகியிருந்தால் விடுவதுண்டு. ஆனால் செக்-இன் கவுன்டரில் நின்று வாதாடும் நிலைக்கு உங்களைக் கொண்டுபோக வேண்டாம்.

நம் பெயர்கள் முன்னெழுத்தும் பெயருமாக இருப்பவை. அதைச் சர்நேம், கிவன் நேம் என்று இரண்டு கட்டத்துக்குள் அடைக்கும்போது ஒரு கட்டம் காலியாகிவிடுகிறது. பாஸ்போர்ட்டை மறு வழங்கலுக்குப் போட்டு முன்னெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயரைச் சர்நேமாகச் சேர்ப்பது நிரந்தரத் தீர்வு. நம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். விசா விண்ணப்பம் போன பிறகு இதைத் தொடங்காதீர்கள். பாஸ்போர்ட் எண் மாறிவிடும், பழைய எண்ணில் வந்த விசா கையில் தொங்கும். பெயரையே மாற்றுகிறவருக்குத்தான் அரசிதழ் அறிவிப்பு வேண்டும். முன்னெழுத்தை விரிப்பதைப் பெயர் மாற்றம் என்று சொல்லி அரசிதழுக்குப் பணம் கறப்பவர்கள் இருக்கிறார்கள்.

தங்கச்சிமடம் வாசகர்: மகள் ஜெர்மனிக்கு நர்சிங் பயிற்சிக்குப் போகிறாள். போய் இறங்கியதும் முதலில் எங்கே பதிய வேண்டும்? எங்கள் குடும்பம் கத்தோலிக்கம். பாரத்தில் மதம் கேட்பார்கள், கவனமாக எழுத வேண்டும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

உண்மைதான், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் முகவரிப் பதிவு. அங்கே அன்மெல்டுங் என்பார்கள். வீட்டில் குடியேறிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். கணக்கு தொடங்குவது குடியேறிய நாளிலிருந்து, விமானம் இறங்கிய நாளிலிருந்து அல்ல. பெரிய நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைப்பதே கஷ்டம். ஆகவே வீடு உறுதியான அன்றே ஆன்லைனில் நேரம் பதிந்து, வந்த உறுதி மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். அங்கே கேட்பது வேறு தாள்: இவர் இந்தத் தேதியில் என் வீட்டில் குடிவந்தார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் உறுதிச் சீட்டு. சட்டப்படி அதை அவர் தந்தே ஆக வேண்டும். தர மறுக்கும் வீட்டில், பதிவு கூடாது என்று சொல்லி வாடகை குறைக்கும் வீட்டில், மகளைத் தங்க விடாதீர்கள். பதிவில்லையென்றால் அங்கே எதுவுமே நகராது.

ஏன் என்றால், இந்த ஒரு பதிவிலிருந்துதான் மற்றவை பிறக்கின்றன. பதிந்த சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். இங்கேதான் நம் பிள்ளைகள் மாட்டுவது: வாசல் தபால் பெட்டியில் பெயர் ஒட்டாமல் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் தபால்காரர் ஆளைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடிப்பார். அங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண் இல்லாமல் போனால் சம்பளத்தில் அதிகபட்சமான ஆறாம் வகுப்பு வரி பிடிக்கப்படும். பிறகு சரிசெய்துகொள்ளலாம், ஆனால் முதல் மாதங்களில் கையில் காசு குறையும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே சிறு சீட்டில் எழுதி, குடியேறும் அன்றே பெட்டியில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்போது மதம். பாரத்தில் ரோமன் கத்தோலிக்கம் என்று எழுதினால் அந்தத் தகவல் வரி அலுவலகத்துக்குப் போகும், வருமான வரியின் மேல் சபை வரி ஏறும். பவாரியா, பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலங்களில் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். இது சம்பளத்தில் அல்ல, வரியின் மீது வரி. பயிற்சிக் காலத்தில் வருமான வரி கொஞ்சம்தான் அல்லது இல்லவே இல்லை என்பதால் அப்போது உறைக்காது. நர்ஸாகச் சம்பளம் வரும்போது உறைக்கும். பின்னால் வேண்டாம் என்றால் அரசு அலுவலகத்தில் சபையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதைச் சபை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பொய் எழுதச் சொல்லவில்லை. என்ன எழுதுகிறோம் என்று தெரிந்து, வீட்டில் பேசி முடிவெடுத்து எழுதட்டும்.

விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். காலத்தில் விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை இடைக்காலச் சீட்டு தருவார்கள். ஒரு நாள் தவறினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இன்னொரு கடிதமும் வரும்: வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ. மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. மோசடி இல்லை. ஆள் கணக்கில் அல்லாமல் வீட்டுக் கணக்கில் வருவதால் மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். படிப்பு முடிந்து ஜெர்மனியை விட்டே கிளம்பும்போது முகவரிப் பதிவை ரத்து செய்துவிட்டு வரட்டும்.

தேவிபட்டினம் வாசகர்: பத்தாவது பாஸ் ஆகவில்லை. வேலைக்கு விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட்.

வேண்டாம். உங்களுடையது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அனுமதி வாங்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, வேலை என்ன என்பது அங்கே எழுத்தில் பதிவாகும். விசிட்டில் போனால் அந்தப் பதிவும் இல்லை, பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் தரும் காப்பீடு அது. உரிமம் உள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். உரிம எண்ணைக் கேளுங்கள், இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். கேட்டதும் கோபப்பட்டால் பதில் கிடைத்துவிட்டது.

பெரியபட்டினம் வாசகர்: மருமகள் மலேசியக் குடிமகள். மகனோடு இங்கே வந்து தங்கப் போகிறாள். நாங்கள் யாருக்காவது தெரிவிக்க வேண்டுமா?

வேண்டும், இரண்டு இடத்தில். நம் வீட்டு மருமகள்தானே என்று சும்மா இருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். சி பாரம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அது லாட்ஜுக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கும்தான்.

இரண்டாவது, மருமகளின் பதிவு. சுற்றுலா விசாவில் வந்து இழுபறி படுவதைவிட, மலேசியாவிலிருந்தே குடும்பத்தாருக்கான எக்ஸ் நுழைவு விசா வாங்கி வரட்டும். விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால் வந்த 14 நாளுக்குள் இ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா, வந்திறங்கிய முத்திரைப் பக்கம், திருமணச் சான்றிதழ், மகனின் இந்தியக் குடியுரிமைச் சான்று, முகவரிச் சான்று வேண்டும். சிக்குவது கடைசித் தாளில்: கரண்ட் பில் இறந்துபோன தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மருமகள் வருவதற்கு முன்பே மின்வாரியத்தில் பெயர் மாற்றிவிடுங்கள்.

பதிவான திருமணம் இரண்டு ஆண்டு நிலைத்தபின் ஓசிஐ (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது வந்தால் இந்தப் பதிவுத் தொல்லை தீரும். ஆனால் அது குடியுரிமை அல்ல. ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது.

கீழக்கரை, ஏர்வாடி வாசகர்கள்: துபாயில் குழந்தை பிறந்தால்?

பிறப்புச் சான்றிதழ், அதன்பின் இந்தியத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவும் பாஸ்போர்ட்டும், அதன்பின் எமிரேட்ஸ் ஐடியும் விசாவும். விசாவுக்கு 120 நாள். தூதரகப் பதிவுக்கு ஓராண்டு. அதைத் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். குழந்தைக்குச் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

மண்டபம் வாசகர்: சவூதிக்குக் கொண்டுபோகும் சான்றிதழுக்கும் தூதரக முத்திரை வேண்டுமா?

2022 டிசம்பர் 7 முதல் வேண்டாம். தூதரக முத்திரை இல்லாமலே ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சவூதி அன்றுமுதல் இருக்கிறது. மாநில முத்திரை, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கர், அவ்வளவுதான். தாளுக்கு அமைச்சகக் கட்டணம் 50 ரூபாய், சேவை நிறுவனக் கட்டணம் தனி. ஓமன், பஹ்ரைனுக்கும் இப்படித்தான். அமீரகத்துக்குப் பழைய நீண்ட வழி.

பாம்பன் வாசகி: உப்புக் காற்றில் தாள் பிசுபிசுத்துப் போகிறதென்று எல்லாச் சான்றிதழையும் லேமினேட் செய்துவிட்டேன்.

முத்திரை வைக்கவும் ஸ்டிக்கர் ஒட்டவும் தாளின் பின்பக்கம் வேண்டும்; பிளாஸ்டிக் மேல் எதுவும் ஒட்டமாட்டார்கள். நீங்களே பிரிக்கப் பார்க்காதீர்கள், மை பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிடும். பிறப்பு, திருமணச் சான்றிதழுக்கு வழங்கிய அலுவலகத்திலேயே புதுப் பிரதி எடுங்கள்; மதிப்பெண் பட்டியலுக்கு வழங்கிய வாரியத்தில் மறுபிரதி கேளுங்கள். புதிதாக வருவதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். ஸ்டேப்ளர் பின் மட்டும் அடிக்காதீர்கள். நம் கரையில் ஒரு மழைக்காலம் போதும், துருக்கறை தாளில் ஊறிவிடும்.