பெரிய ரைஃபிளின் உதைக்குப் பழகுவது: கேள்வி பதில்

நான் டார்வின் பக்கம் குடியேறிப் பல வருடங்களாகிவிட்டன. 19ஆம் நூற்றாண்டில் வட ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட எருமைகள் இங்கே காட்டில் இஷ்டத்துக்குப் பெருகித் திரிகின்றன. உரிமமும் நிலத்துக்காரரின் அனுமதியும் இருந்தால் வேட்டையாடலாம். ஊரில் சொன்னால், "எருமையைச் சுடவா இவ்வளவு பெரிய துப்பாக்கி?" என்று சிரிக்கிறார்கள். நாற்பது மீட்டரில் ஒரு கிடா தலையைத் தூக்கி முறைக்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது. நான் வைத்திருப்பது .375 எச் அண்டு எச் மேக்னம் என்ற பெரிய தோட்டாவைச் சுடும் ரைஃபிள். சுடும்போது அது பின்னால் வந்து தோளில் இடிப்பதைத்தான் உதை என்கிறோம். அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கால்கரி): ஆறு வருடமாகச் சாதாரண வேட்டை ரைஃபிளான .30-06 சுடுகிறேன். .375 எவ்வளவு கூடுதலாக உதைக்கும்?

ஏறக்குறைய இரண்டு மடங்கு. 3.6 கிலோ எடையுள்ள .30-06, 180 கிரெயின் (சுமார் 12 கிராம்) குண்டோடு சுமார் 27 ஜூல் உதைக்கும். 4.3 கிலோ .375, 300 கிரெயின் குண்டோடு சுமார் 50. அதே எடையில், இன்னும் பெரிய தோட்டாவான .458 வின்செஸ்டர் மேக்னம் என்றால் 80 பக்கம் போய்விடும். எடையும் முக்கியம்: .375இல் அரைக் கிலோ கூட்டினால் உதை பத்து சதவீதம் குறையும். மலையேறும்போது அந்த அரைக் கிலோவைத் திட்டுவீர்கள், சுடும்போது கும்பிடுவீர்கள்.

கேள்வி (மெல்பர்ன்): நான் ஐந்தடி ஒரு அங்குலம், ஐம்பது கிலோ. "உனக்கெல்லாம் இது ஆகாது" என்கிறார் கணவர். உண்மையா?

இல்லை. மெலிந்த உடம்பு உதையோடு சேர்ந்து பின்னால் போய்விடும். கனத்த ஆள் அசையாமல் நின்று மொத்தத்தையும் வாங்கிக்கொள்வார். உங்கள் பிரச்சினை கட்டையின், அதாவது தோளில் ஊன்றும் பின்பகுதியின், நீளம். கடையில் கிடைக்கும் ரைஃபிள்களில் ட்ரிக்கரிலிருந்து கட்டையின் முனைவரை பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். உங்கள் கைக்கு அது நீளம். கழுத்தை நீட்டி எட்டிப் பிடிப்பீர்கள், கட்டை தோள்குழியில் உட்காராமல் புஜத்து எலும்பில் போய் நிற்கும். அங்கே ஒரு தடவை வாங்கினால் ஒரு வாரத்துக்குக் கை தூக்க முடியாது. கட்டையை அறுத்து, நல்ல மெத்தென்ற ரப்பர் பேட் போட்டுத்தரும் துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் போங்கள். அப்புறம் உங்கள் கணவரையும் ஒரு ரவுண்டு சுடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்கோப் சரிபார்க்க மேசையில் உட்கார்ந்து இருபது ரவுண்டு சுட்டேன். தோள் நீலமாகிவிட்டது.

இருபதா! மேசையில் குனிந்து உட்காரும்போது உடம்பு பின்னால் சாய வழியில்லை. நின்று சுட்டால் இடுப்புவரை ஆடி உதையைத் தின்றுவிடும். மேசையில் ஐந்துக்கு மேல் வேண்டாம். மணல்மூட்டையை உயர்த்தி, நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்து சுடுங்கள். ரைஃபிளை அசையவிடாமல் பிடித்து வைக்கும் கனமான ஸ்டாண்டில் எனக்கு நம்பிக்கையில்லை. தோள் தப்பிக்கும்; ஆனால் நகர இடமில்லாத உதை கட்டையைப் பிளக்கும், ஸ்கோப்பைக் கெடுக்கும்.

கேள்வி: வலியைப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் குண்டு எப்போதும் கீழேயே போகிறது. துப்பாக்கிக் கோளாறா?

துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும். இது மிரட்சி. மாடு பட்டாசுச் சத்தத்துக்கு முன்பே காதை விறைத்துக்கொள்ளுமே, அதேதான். விரல் ட்ரிக்கரை அழுத்தத் தொடங்கியதுமே உடம்பு முந்திக்கொள்கிறது: கண் மூடும், தோள் முன்னே தள்ளும், குழல் தாழும். சுடுகிறவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் உடனே வரும் வெடியும் உதையும் எல்லாவற்றையும் மூடிவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. டம்மி தோட்டா (வெடிக்காத வெற்றுத் தோட்டா) நாலைந்து வாங்குங்கள். நண்பர் ஒருவர், நீங்கள் பார்க்காதபடி, நிஜத் தோட்டாவையும் டம்மியையும் எது எப்போது வரும் என்று தெரியாமல் கலந்து போட்டுத் தரட்டும். டம்மி வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும். குழல் முனை மட்டும் ஒரு சாண் கீழே குனிந்து எழும். முதல் தடவை எனக்கு இது நடந்தபோது பின்னால் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். டம்மியில் குழல் அசையாமல் நிற்கும்வரை இதையே செய்யுங்கள். பத்தில் ஏழு டம்மியாக இருக்கட்டும். 'டிக்' கேட்டாலும் உடனே போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளவும் வெளியே எடுக்கவும் கையால் இழுக்கும் பாகம்) திறக்காதீர்கள்: தாமதமாக வெடிக்கும் நிஜத் தோட்டாவாகவும் இருக்கலாம். குறியை நோக்கியபடியே முப்பது விநாடியாவது பொறுங்கள்.

பெரிய ரைஃபிளை அதிகம் சுடுவதால் மிரட்சி போய்விடாது. சுடச் சுட வளரும். வாரம் ஐம்பது ரவுண்டு, உதையே இல்லாத சின்ன .22 சுடுங்கள். வீட்டில் தோட்டாவே இல்லாத அறையில், இரண்டு தடவை சரிபார்த்த காலி ரைஃபிளில், தினம் பத்து நிமிடம் ட்ரிக்கர் பழகுங்கள். .375 ஒரு நாளைக்குப் பத்து ரவுண்டு போதும். கடைசி ரவுண்டு நன்றாகப் போனதும் மூட்டை கட்டிவிடுங்கள். "இன்னும் ஒண்ணு" என்பதில்தான் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

கேள்வி: ஸ்கோப் புருவத்தில் அடிக்குமாமே?

என் வலது புருவத்தில் நான்கு தையல் இருக்கிறது. மேட்டைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சுட்டேன். தலை தானாக முன்னே போயிருந்தது. உதைத்தபோது பெரிய வலிகூட இல்லை, கண்ணில் ஏதோ வெதுவெதுப்பாக இறங்கியது. வியர்வை என்று துடைத்தேன், கை சிவந்திருந்தது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே நான்கு அங்குலம் விட்டாலும் தெளிவாகத் தெரிகிற ஸ்கோப்பாக வாங்குங்கள். கண்ணை மூடி ரைஃபிளைத் தோளுக்கு ஏற்றுங்கள். திறந்ததும் முழு வட்டம் தெரிந்தால் சரியாகப் பொருத்தியிருக்கிறது.

கேள்வி: குழல் முனையில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளையுள்ள பாகம்) போட்டால் உதை குறையுமே?

குறையும், நன்றாகவே. ஆனால் சத்தம் பக்கவாட்டில் திரும்பி உங்களையும் பக்கத்தில் நிற்பவரையும் அறையும். வேட்டை ரைஃபிளின் வெடி 160 டெசிபல் அளவில் இருக்கும். 140ஐத் தாண்டினாலே காதுக்கு ஆபத்து. காட்டில் உங்கள் பக்கத்தில் நிற்கும் வழிகாட்டி காதில் எதுவும் மாட்டியிருக்க மாட்டார். பல வழிகாட்டிகள் பிரேக் என்றாலே முகம் சுளிப்பது அதனால்தான். ரேஞ்சில் பிரேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காதுக்குள் நுரைஅடைப்பானும் மேலே இயர்மஃப்பும் சேர்த்துப் போடுங்கள். மிரட்சியில் பாதி சத்தத்தால் வருவது என்பது என் அனுபவம்.

கேள்வி: தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்துப் போட்டுப் பழகலாமா?

தயாரிப்பாளர் வெளியிட்ட குறைந்த அளவு அட்டவணை இருந்தால், அதில் சொன்ன மருந்து மட்டும். மெதுவாக எரியும் மருந்தை இஷ்டத்துக்குக் குறைத்தால் அழுத்தம் எகிறித் துப்பாக்கியே வெடிக்கலாம்.

கேள்வி (கோவை): நம் ஊரில் இதைப் பழக முடியுமா?

வேட்டை பற்றியே பேச்சில்லை. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. ரைஃபிள் கிளப்பில் ஏர் ரைஃபிளும் .22உம் பழகலாம். அங்கே கற்ற ட்ரிக்கர் விரல் எந்த ரைஃபிளுக்கும் செல்லும்.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க்): நமீபியாவுக்கு எருமை வேட்டைக்குப் போகிறேன். பெல் என்ற வேட்டைக்காரர் 7 மி.மீ. மவுசரிலேயே யானை சுட்டாரே, எனக்கு எதற்கு .375?

பெல் ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர், மண்டையோட்டின் உள்ளமைப்பு அவருக்கு அத்துப்படி. நமக்கு அப்படியில்லை. அது போக, நமீபியச் சட்டப்படி எருமைக்குக் குண்டின் ஆற்றல் குறைந்தது 5,400 ஜூல் வேண்டும். .30-06 நாலாயிரத்தைத் தொட்டால் பெரிது; .375 எளிதாகத் தாண்டும்.

போவதற்கு முன் இரண்டு மாதமாவது மேசையை மறந்துவிட்டு, முக்காலிக் குச்சியில் ரைஃபிளைத் தாங்கி, நின்றபடி ஐம்பது, எண்பது மீட்டரில் சுடுங்கள். இரண்டாவது குண்டையும் பழகுங்கள். சுட்டதும் எல்லாரும் ரைஃபிளை இறக்கிவிட்டு "பட்டதா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் கட்டையைத் தோளிலிருந்து எடுக்காமல், கண் ஸ்கோப்பிலேயே இருக்க, போல்ட்டை முழுசாகப் பின்னால் இழுத்து முன்னால் அடியுங்கள். அரைகுறையாக இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழாது. அடுத்தது உள்ளே ஏறாது.