1500 வாட் ஹீட்டர் ராடு 918 வாட்தான் எடுக்கிறது, ராடு பழுதா?

கேட்டவர் தன் வீட்டில் அளந்தது 180 வோல்ட், 5.1 ஆம்பியர். ராடில் 230 வோல்ட், 1500 வாட் என்று போட்டிருக்கிறது. இதிலிருந்து ரெசிஸ்டன்ஸும் (மின்தடை) பவரும் கணக்கிடுவது எப்படி, ராடை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

மாற்ற வேண்டாம். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ்: 180 ÷ 5.1 = 35.3 ஓம். இரண்டையும் பெருக்கினால் பவர்: 918 வாட். இப்போது ராடில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 230ஐ 230ஆல் பெருக்கி 1500ஆல் வகுத்தாலும் அதே 35.3 ஓம்தான் வரும். ஆக, ராடு வாங்கியபோது இருந்த மாதிரியேதான் இருக்கிறது, குறை வோல்டேஜில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

மூணாறு பக்கம் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். குளிர்காலம் வந்தால் இதே புகார்தான். எஸ்டேட் லைன் வீடுகளில் சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் ராடைப் போடுவார்கள், கடைசி வீட்டில் வோல்டேஜ் படுத்துவிடும். "1940லேயே கரண்ட் எடுக்க ஆரம்பித்த பள்ளிவாசல் பவர் ஹவுஸ் இதோ கீழே இருக்கிறது, நமக்கு 180 வோல்ட்டா?" என்று அங்கலாய்ப்பார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் பவர் ஹவுஸ் பக்கத்தில் இருந்து என்ன செய்ய? ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடு வரை வரும் கம்பிக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு. அது அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 ஆம்பியர் ஓடினால் 15 வோல்ட் வழியிலேயே காலி.

வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் சேர்ந்தே குறைவதால் பவருக்கு இரட்டை அடி. இங்கே வோல்டேஜ் குறைந்தது 22 சதவீதம், பவர் குறைந்தது 39 சதவீதம். வாளியில் 15 லிட்டர் தண்ணீர், 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக வேண்டும் என்றால் 1500 வாட்டில் 17 நிமிடம் போதும். 918 வாட்டில் 28 நிமிடத்துக்கு மேல் ஆகும். வாளியிலிருந்து வெளியே போகும் சூடு தனி. பில் ஏறுமோ என்று பயப்பட வேண்டாம், நேரம் கூடினாலும் யூனிட் ஏறக்குறைய அதேதான்.

அளக்கும்போது ராடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆஃப் செய்துவிட்டுப் பார்த்தால் வோல்டேஜ் கூடுதலாகக் காட்டும், கணக்கு தப்பாகும். வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒற்றை வயரில் மட்டும் மாட்டுங்கள். போகும் வயர், வரும் வயர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும்.

இந்தக் கணக்கை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். 60 வாட் குண்டு பல்பு எரியும்போது 880 ஓம் இருக்கும். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஹீட்டர் கம்பி நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்), அதில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு.

அப்புறம் மோட்டார். 230 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் பெருக்கி 1380 வாட் என்று எழுதிவிட முடியாது. பவர் ஃபேக்டர், அதாவது அந்தப் பெருக்கலில் உண்மையான பவரின் பங்கு, 0.7 என்றால் உண்மையில் எடுப்பது 966 வாட். வோல்டேஜைக் கரண்டால் வகுத்து வரும் எண்ணும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஆகாது. அதோடு, லோ வோல்டேஜில் தண்ணீர் மோட்டார் ராடு மாதிரி அடங்கிப் போகாது. கரண்டைக் கூடுதலாக இழுத்துக் காயிலைச் சுட்டுவிடும். 180 வோல்ட் வரும் வீட்டில் ராடு பாட்டுக்கு ஓடட்டும், மோட்டாரை மட்டும் சாயங்காலம் போடாதீர்கள்.