சேர்விஸ் செய்த மணிக்கூடு முந்துகிறதே!

உப்புவெளி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அப்பாவின் பழைய சீக்கோ 5 ஓட்டோமற்றிக் மணிக்கூட்டைப் போன மாதம் சேர்விஸ் செய்வித்தேன். இப்போது நாளுக்கு அரை நிமிடம் முந்துகிறது. திருத்தியவர், ‘ஓட ஓடச் சரிவரும்’ என்கிறார். நம்பலாமா?”

அரைவாசி நம்பலாம். புது எண்ணெய் விட்டபின் முதல் சில நாட்களில் ஓட்டம் கொஞ்சம் மாறும்தான். ஆனால் அது சில விநாடிக் கணக்கு. அரை நிமிடம் தானாகக் கரையாது.

அதற்காகச் சண்டைக்குப் போகவும் வேண்டாம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. துல்லியத்துக்கென்று கொடுக்கும் சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழுக்கே நாளுக்குச் சராசரியாக −4 முதல் +6 விநாடி வரை விடுகிறார்கள். இப்போது வரும் சீக்கோ 5 பலவற்றுக்குக் கம்பனி சொல்லும் எல்லை +45 முதல் −35 வரை.

எத்தனை விநாடி என்பதைவிட, தினமும் ஒரே அளவா என்பதுதான் கேள்வி. பழைய சீக்கோ 5 இல் குமிழை இழுத்தாலும் விநாடி முள் நிற்காது. ஆகவே நேரத்தைத் திருத்த மினக்கெட வேண்டாம். காலையில் ஒரே மணிக்குப் போனைப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். ஒரு கிழமை போதும். அந்த வித்தியாசம் நாளுக்கு நாள் 28, 31, 30 விநாடி என்று கூடிக்கொண்டு போனால் வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. உள்ளே இங்கும் அங்கும் ஆடி ஓட்டத்தை அளக்கும் பலன்ஸ் வீலுக்கு மேலுள்ள சின்ன நெம்பைத் துளி நகர்த்தினால் சரி. இன்று 5, நாளை 50 என்றால் விசயம் வேறு: அழுக்கு முழுதாகப் போகவில்லை, அல்லது மணிக்கூட்டுக்கு முறுக்கு ஏறவில்லை. ஓட்டோமற்றிக் கை அசைவில்தான் முறுக்கேறும்; ஓய்வாக வீட்டில் இருப்பவர் கையில் முழுதாக ஏறாது. இந்த வகையில் பெரும்பாலானவற்றுக்குக் கையால் சாவி கொடுக்கவும் வழியில்லை.

இரவில் எப்படி வைக்கிறீர்கள் என்பதும் சேரும். மூன்று இரவு முகம் மேலே பார்க்க, மூன்று இரவு குமிழ் மேலே பார்க்க வைத்து எழுதிப் பாருங்கள். பகலில் முந்தியதை இரவிலேயே கொஞ்சம் பிடித்துவிடலாம். செலவில்லாத வைத்தியம்!

திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். பலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய ஸ்பிரிங்கான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டி, ஓட்டம் வேகமாகிவிடும். ஸ்பீக்கர் மேல் கழற்றி வைக்கும் பழக்கம் இருக்கிறதா? காந்தம் எடுக்கக் கடையில் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று: மூடி திறந்த மணிக்கூட்டுக்கு ரப்பர் வளையம் மாற்றினாரா என்று கேளுங்கள். திருகோணமலை உப்புக்காற்றுக்கு அது முக்கியம். மாற்றாவிட்டால் கடலுக்கு மட்டுமல்ல, கன்னியா வெந்நீருக்கும் கழற்றிவிட்டுப் போங்கள்.

கொப்பியோடு அவரிடமே திரும்பப் போங்கள். “முந்துது” என்பதைவிட “ஏழு நாளும் 30” என்றால் அவருக்கும் வேலை சுலபம்.